மொறிஸ் மைனரின் பிறேக்: எதைத் திருத்தலாம், எதை எறிய வேண்டும்

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எதையும் லேசில் எறியமாட்டார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. கம்பித் துண்டு, ரியூப் துண்டு, கடைச்சல் பட்டறையில் செய்த புஷ் என்று எதையாவது வைத்து ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தக் கைத்திறன் சாதாரணமானதல்ல. ஆனால் என்ஜினில் சமாளிப்பு பிழைத்தால் கார் நடுவழியில் நிற்கும். பிறேக்கில் பிழைத்தால் நிற்காது. அதனால் பிறேக்கைத் திறக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, இது திருத்தக் கூடியதா, மாற்றியே ஆகவேண்டியதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தைப் பற்றியதுதான். ஸ்பனர் பிடிப்பது அதற்குப் பிறகு வரும் வேலை.

உதாரணத்துக்கு மொறிஸ் மைனர் 1000-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1956 முதல் 1971 வரை வந்த மொடல், நம்மூரில் இன்னும் கண்ணில் படுகிறது. நான்கு சில்லிலும் டிறம் பிறேக், அதாவது சில்லோடு சுற்றும் டிறம்முக்குள் லைனர் பூட்டிய ஷூ விரிந்து உரசிப் பிடிப்பது. லொக்கீட் கொம்பனியின் அமைப்பு, ஒயில் அழுத்தத்தால் இயங்கும் ஒரே ஹைட்ரோலிக் சுற்று. ஒரே சுற்று என்பதை மறக்கவேண்டாம்: இன்றைய கார்களில் ஒரு பக்கம் ஒழுகினாலும் மற்றப் பாதி பிடிக்கும். மைனரில் எந்த இடத்தில் ஒழுகினாலும் நான்கு சில்லுக்கும் சேர்த்துப் பிறேக் போய்விடும். மிஞ்சுவது ஹான்ட் பிறேக் மட்டும்தான்.

ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஏ40 சோமசெற் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அவை கேர்லிங் அமைப்பு. ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அஜஸ்ரர் இருக்கும் இடமும் சிலிண்டரின் வடிவமும் வேறு, விதிகள் ஒன்றுதான். சோமசெற்றுக்கு முந்திய ஏ40 டெவனில் பெரும்பாலும் முன் சில்லுக்கு மட்டும்தான் ஹைட்ரோலிக். பின் பிறேக் கம்பி, தண்டு வழியாக இயங்குவது. அதை வைத்திருப்பவர்கள் பின் பகுதிக்குத் தனியாக ஆள் பார்க்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் காலால் பாருங்கள்

குடாநாடு முழுக்கத் தட்டை. அதனால் பாதி பிறேக்கோடு ஆண்டுக்கணக்காக ஓடும் கார்கள் இங்கே உண்டு, சொந்தக்காரருக்கே தெரியாது. கோண்டாவிலிலிருந்து டவுணுக்கு முப்பதில் போய் வர எந்தப் பிறேக்கும் போதும். கண்டிப் பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போய்க் கடுகண்ணாவை மலைச் சரிவில் இறங்கும்போதுதான் உண்மை தெரியும். அதற்கு முன் வீட்டு முற்றத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

பெடலை அமத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. முதல் மிதியில் அடிவரை போய், இரண்டு மூன்று தரம் அடித்தால் மேலே வந்தால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிறம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. அஜஸ்ட் செய்தால் சரியாகும். ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்கோ ஒழுகுகிறது. வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ஒயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் தோற்றுவிட்டது. பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தால், எதிர்ப்பக்கச் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது எதிர்ப்பக்க லைனரில் கிறீஸோ ஒயிலோ பட்டிருக்கலாம். மிதித்த பிறகு பிறேக் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால், சில்லுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறதா என்று சந்தேகியுங்கள்.

பிறகு குனிந்து ஒவ்வொரு சில்லின் உட்பக்கத்தையும் பாருங்கள். பின் சில்லில் ஈரம் இருந்தால் அது பிறேக் ஒயிலாகவும் இருக்கலாம், அச்சிலிருந்து வரும் கியர் ஒயிலாகவும் இருக்கலாம். விரலில் தொட்டுத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். பிறேக் ஒயில் தண்ணீரோடு கலந்து போய்விடும். கியர் ஒயில் வழுக்கிக்கொண்டே இருக்கும், மணமும் காட்டிக்கொடுக்கும். கியர் ஒயில் என்றால் அச்சின் ஒயில் சீலை மாற்றாமல் புது லைனர் போடுவது காசை எரிப்பது.

சாமான் தேடல்

எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுச் சாமான் தேடப் போனால் கார் மாதக்கணக்கில் கட்டையில் நிற்கும். அதனால் முதலில் உங்கள் காரில் எந்த அளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1962-க்கு முந்திய மைனரில் நான்கு டிறம்மும் 7 அங்குலம். அந்த ஆண்டு 1098 சீசீ என்ஜின் வந்தபோது முன் டிறம் 8 அங்குலமாகியது. இடையில் யார் எதை மாற்றினார்களோ தெரியாது, ஆகவே புத்தகத்தை நம்பாமல் டிறம்மை அளந்து பார்த்தே வாங்குங்கள்.

கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் பல பழைய பாகங்கள் அகப்படும். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் சுலபம். மைனருக்கு வேண்டிய ஷூ, சிலிண்டர், ஹோஸ், ரப்பர் கிற் எல்லாம் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஊருக்கு வரும் யாராவது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாம். பிறேக் கழுவும் ஸ்பிறே டின்னை மட்டும் கேட்காதீர்கள், விமானத்தில் விடமாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் கடுமையாக இருங்கள். பழைய கடை ஒன்றின் மேல்தட்டில் தூசி படிந்த பெட்டிக்குள் அந்தக் காலத்து அசல் இங்கிலாந்து ரப்பர் கப் இருக்கும். கடைக்காரர் பெருமையோடு எடுத்துத் தருவார். பெட்டியை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம், கப்பைப் போடக்கூடாது. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகும். விளிம்பை மடித்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புத் தெரியும். அதைவிட யப்பான் வாகனங்களுக்கு இன்று வரும் புதுக் கப் நல்லது. முக்கால், ஏழு எட்டில் (7/8) என்ற அங்குல அளவுகள் அவற்றிலும் உண்டு. அளவு கப்பிலேயே அச்சாகியிருக்கும். பழையதையும் கொண்டுபோய் அளவு, உயரம், விளிம்பின் வடிவம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பிறேக் ஒயில் டொட் 4 என்ற தரத்தில் வாங்குங்கள். அதன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை, ஈரம் உறிஞ்சிய பிறகு 155 பாகை. டொட் 3-க்கு 205-உம் 140-உம். டொட் 5 என்பது சிலிக்கோன், மற்ற இரண்டோடும் கலக்கக்கூடாது. டொட் 5.1 என்பது வேறு, அது டொட் 4 குடும்பம். சிறிய போத்தலாக வாங்குங்கள். மூடி திறந்து வைத்த பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும், நம்மூர்க் கடற்காற்றில் சொல்லவே வேண்டாம்.

தூக்கி நிறுத்துதல்

ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகாதீர்கள். மணல் தரையில் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை வையுங்கள். ஸ்ராண்ட் இல்லையென்றால் இரு பக்கமும் தட்டையாக அறுத்த தடித்த பனங்குற்றி வைக்கலாம், அது பாரம் தாங்கும். சீமெந்துக் கல் வைக்கவே கூடாது. எந்த அறிகுறியும் காட்டாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பின் டிறம்மைக் கழற்ற ஹான்ட் பிறேக்கை விடவேண்டும் என்பதால் அந்தக் கட்டைகள்தான் காரைப் பிடித்திருக்கப் போகின்றன.

டிறம்மும் ஷூவும்

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். ஸ்பிறிங் எந்த ஓட்டையில் போனது என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

முதலில் அஜஸ்ரரைத் தளர்த்துங்கள். மைனரில் சில்லைக் கழற்றியதும் டிறம்மின் முகத்தில் ஒரு ஓட்டை தெரியும். டிறம்மைச் சுற்றி அந்த ஓட்டையை அஜஸ்ரருக்கு நேரே கொண்டுவந்து ஸ்குரூ டிரைவரால் திருப்பலாம். முன் சில்லில் இரண்டு அஜஸ்ரர், பின் சில்லில் ஒன்று. இடப்பக்கமாகத் திருப்பினால் தளரும். பிறகு டிறம்மைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றி, டிறம்மைச் சுற்றிச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டுங்கள். விளிம்பில் இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். கம்பிறசர் காற்றால் ஊதவேண்டாம், வாயாலும் ஊதவேண்டாம். அந்தக் கால லைனரில் அஸ்பெஸ்ரோஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பைக்குள் கட்டி எறியுங்கள். நம் கராஜ்களில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

லைனரில் ரிவிற் தலைக்கு மேல் ஒன்றரை மில்லிமீற்றருக்குக் குறைவாகவே மிச்சம் இருந்தால் மாற்றுங்கள். ஒயில் குடித்த லைனரைப் பெற்றோலில் ஊறவைத்துக் கொளுத்தி எடுப்பது பழைய வழக்கம். மேற்பரப்பு காய்ந்த மாதிரித் தெரியும், டிறம் சூடானதும் உள்ளே இருக்கும் ஒயில் மறுபடி மேலே வரும். அதை எறியவேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஷூவின் இரும்பு நல்லதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். லைனர் அடித்துத் தரும் இடங்களில் புது லைனர் ஒட்டவோ ரிவிற் அடிக்கவோ கொடுக்கலாம். இது தாராளமாகத் திருத்தக் கூடிய பாகம். அஸ்பெஸ்ரோஸ் இல்லாத லைனர் கேளுங்கள். ஒரு அச்சின் இரு பக்கத்துக்கும் ஒரே லைனர்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் கார் இழுக்கும்.

டிறம்மை ஒரு கம்பியில் தொங்கவிட்டுச் சிறிய சாவியால் தட்டுங்கள். கோயில் மணி போல் தெளிவாக ஒலித்தால் நல்லது. மொத்தையான சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது, அந்த டிறம் இனிப் பழைய இரும்பு. ஒட்டுப் போட நினைக்கவேண்டாம். கோடு விழுந்திருந்தாலோ வட்டம் குலைந்திருந்தாலோ லேத்தில் கடையலாம். இரு பக்கமும் ஒரே அளவு கடையவேண்டும். விட்டத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் எடுக்க நான் விடுவதில்லை. மெலிந்த டிறம் சூட்டில் விரியும், பெடல் ஆழமாகப் போகும்.

வீல் சிலிண்டர்

பழைய காரில் பிறேக் பழுது என்றால் பெரும்பாலும் இங்கேதான். மைனரின் முன் சில்லில் இரண்டு சிலிண்டர். ஒவ்வொரு ஷூவுக்கும் ஒன்று. பின் சில்லில் ஒன்றுதான், அது பின்தட்டிலுள்ள நீள்துளையில் வழுக்கி நகரவேண்டும். நகர்ந்தால்தான் இரண்டு ஷூவும் சமமாகப் பிடிக்கும். உவர்க் காற்றில் அந்த இடம் துருவேறி இறுகிவிடுவதை இங்கே நிறையப் பார்க்கலாம். சிலிண்டர் நன்றாக இருந்தும் ஒரு ஷூ மட்டும் தேய்ந்திருந்தால் காரணம் இதுதான். துருவைச் சுரண்டி, மெல்லிய பிறேக் கிறீஸ் பூசி, கையால் தள்ளினால் வழுக்கும்படி செய்யுங்கள்.

சிலிண்டரின் தூசி ரப்பரை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கப் ஒழுகுகிறது. பைப்பைக் கழற்றி, நுனியை மூடி, சிலிண்டரை வெளியே எடுங்கள். பிஸ்டன் இறுகியிருந்தால் சைக்கிள் பம்பால் காற்றடித்து வெளியே தள்ளலாம். துணியால் சுற்றிப் பிடியுங்கள், முகத்தை எதிரே வைக்கவேண்டாம்.

இனிக் கழுவுவது. நம்மவர்கள் எதைக் கழுவினாலும் மண்ணெண்ணெய்ப் பேணியைத்தான் தேடுவார்கள். அந்தக் காலத்தில் காரே அதில் ஓடியது என்பதால் கை தானாகப் போகும். பிறேக் ரப்பருக்கு அது நஞ்சு. மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், என்ஜின் ஒயில், சாதாரணக் கிறீஸ் எதில் பட்டாலும் இந்த ரப்பர் ஊதிப் பெருத்து, சில நாளில் சிலிண்டருக்குள் இறுகிவிடும். கழுவுவதற்கு மெதிலேற்றட் ஸ்பிரிட் அல்லது புதுப் பிறேக் ஒயில் மட்டும். கழுவும் பேணியும் புதிதாக இருக்கட்டும். மண்ணெண்ணெய் பட்ட கையோடு கப்பைத் தொடவும் வேண்டாம். இதே காரணத்தால், தெரியாமல் யாராவது பிறேக் ராங்கிக்குள் என்ஜின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ ஊற்றிவிட்டால், கழுவி எடுத்துப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசிச் சில்லு வரை எல்லா ரப்பரும், ஹோஸ் உட்பட, மாறவேண்டும்.

கழுவிய சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்தால் புதுக் கப் போட்டால் முடிந்தது. பழுப்புக் கறை மட்டும் என்றால் 600 இலக்க நீர்த்தாளைப் பிறேக் ஒயிலில் நனைத்து, சுற்றுவாட்டில் மெல்லத் தேய்க்கலாம். நீளவாட்டில் தேய்த்தால் அந்தக் கோடு வழியே ஒழுகும். நகத்தை உள்ளே ஓட்டிப் பாருங்கள்: எங்காவது குழியில் நகம் தட்டுப்பட்டால் தேய்த்துப் பலனில்லை. குழி போகும்வரை கடைந்தால் துளை பெருத்துவிடும், கப் சரியாக உட்காராது.

அங்கே இரண்டு வழி. புதுச் சிலிண்டர் கிடைத்தால் வாங்குங்கள். மைனருக்குக் கிடைக்கிறது, அதுதான் நல்லது. அரிதான காருக்குக் கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் ஸ்லீவ் போடலாம். துளையைப் பெருப்பித்து, பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்குக் குழாயை இறுக்கி இறக்கி, உள்விட்டத்தைப் பழைய அளவுக்கே கடைந்து மெருகேற்றுவது. நம்மூர் லேத் ஆட்கள் இதை நன்றாகச் செய்வார்கள், அளவைச் சரியாக எழுதிக் கொடுத்தால். ஒயில் உள்ளே வரும் சிறு துளையை ஸ்லீவிலும் துளைக்கச் சொல்லவேண்டும். துளைத்த இடத்தில் பிசிறு இருந்தால் முதல் மிதியிலேயே கப்பைக் கிழிக்கும். மாற்று அளவுக் கப் அகப்படுகிறது என்று உள்விட்டத்தை மாற்றவேண்டாம். ஒரு பக்கச் சிலிண்டர் மட்டும் பெரிதானால் அந்தப் பக்கம் மட்டும் கூடப் பிடிக்கும்.

கப்பைப் போடும்போது அதன் குழிந்த பக்கம் ஒயிலைப் பார்த்து இருக்கவேண்டும். பிறேக் ஒயில் தடவி, விரலால் தள்ளுங்கள். ஸ்குரூ டிரைவர் நுனி வேண்டாம். தூசி ரப்பருக்குள் சிவப்பு ரப்பர் கிறீஸ் கொஞ்சம் தடவினால் மாரியில் வெள்ளம் புகுந்தாலும் துருப்பிடிக்காது.

மாஸ்டர் சிலிண்டர்

மைனரில் இது சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஒயில் ஊற்றும் மூடிக்கே தரைவிரிப்பைத் தூக்கவேண்டும், அதனால்தான் பலர் வருடக்கணக்கில் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் போல்ட்களை வெளியே இழுக்க முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பார் வழி மறிக்கும். அந்தப் பார் முறுக்கேறி நிற்பது. தெரியாமல் தளர்த்தினால் கையை உடைக்கும். முதல் தடவை செய்பவர் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் அனுபவமுள்ள ஒரு ஐயாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பிறகு உள்ளே பார்க்கும் முறை வீல் சிலிண்டருக்குச் சொன்னதுதான். கூடுதலாக ஒன்று: ராங்கியிலிருந்து உள்ளே வரும் இரண்டு துளையில் ஒன்று மிக நுண்ணியது. பெடலை விட்டதும் ஒயில் அதன் வழியாகத்தான் திரும்பிப் போகும். அது அடைத்திருந்தால் பிறேக் விடாது. மெல்லிய ஒற்றைக் கம்பியால் குத்திப் பாருங்கள், துளையைப் பெருப்பிக்காமல். அதே காரணத்தால், திரும்பப் பூட்டும்போது பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிறு தளர்வு விடவேண்டும். தளர்வு இல்லாவிட்டால் பிஸ்டன் முழுதாகப் பின்வராது, அந்தத் துளை மூடியபடியே இருக்கும், சில மைல் ஓடிச் சூடானதும் நான்கு சில்லும் பிடித்துக்கொள்ளும்.

பைப்பும் ஹோஸும்

பலமாக மிதிக்கும்போது இந்தப் பைப்புக்குள் அழுத்தம் ஆயிரம் பிஎஸ்ஐ அளவுக்குப் போகும். மைனரின் முன் ரயரில் இருப்பது 22 பிஎஸ்ஐ. அதனால் வெடித்த பைப்பை ஈயம் வைத்து ஒட்டுவது, வெட்டி இடையில் ரப்பர் குழாய் போட்டுக் கிளிப் இறுக்குவது, வெல்டிங் வைப்பது எதுவும் நடக்காத காரியம். பைப் திருத்தும் பாகம் அல்ல. மாற்றும் பாகம்.

உருக்குப் பைப்பைக் கிளிப்புக்குக் கீழே பாருங்கள். அங்கேதான் உவர் ஈரம் தங்கும். கிளிப்பைக் கழற்றித் துணியால் துடைத்துப் பார்த்தால் பளபளப்பாகவோ லேசான துருவாகவோ இருக்கலாம். தோல் உரிந்து குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். அளவு மூன்று பதினாறில் (3/16) அங்குலம். செப்பு-நிக்கல் பைப் கிடைத்தால் அதுதான் கடற்கரை ஊருக்கு ஏற்றது: துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம். ஃபிறிட்ஜ் வேலைக்காரர் வைத்திருக்கும் செப்புக் குழாயைப் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் அது பிறேக் அழுத்தத்துக்கென்று செய்ததல்ல. அதிர்வில் செப்பு இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை வெடிப்பு வரும்.

பைப்பின் நுனியை விரிக்கும் முன் நட்டை உள்ளே போட்டீர்களா என்று பாருங்கள். இதை மறக்காத ஆள் இல்லை. பழைய பைப்பின் நுனி எந்த வடிவத்தில் விரிக்கப்பட்டிருந்ததோ அதே வடிவத்தில்தான் புதியதையும் விரிக்கவேண்டும். ஒழுக்கை நிறுத்துவது அந்த விரிந்த நுனிதான், புரி அல்ல. ஆகவே புரியில் வெள்ளை ரேப் சுற்றி ஒரு பயனும் இல்லை. அதன் துண்டு உள்ளே போய்ச் சிறு துளைகளை அடைக்கும்.

புரி பற்றி ஒரு எச்சரிக்கை, இது இங்கே அடிக்கடி நடக்கும் விபரீதம். மைனரில் பெரும்பாலான நட் மூன்று எட்டில் (3/8) அங்குல யூஎன்எஃப் புரி, அதாவது 9.5 மில்லிமீற்றர். யப்பான் வாகன நட் 10 மில்லிமீற்றர். கண்ணால் வித்தியாசம் தெரியாது. 10 மில்லிமீற்றர்த் துளையில் பழைய நட் போனால் தளதளவென்று சுற்றி, இறுகின மாதிரி நின்று, பலமாக மிதிக்கும் அன்று கழன்று வரும். கையால் பல சுற்று இலகுவாக, ஆடாமல் போகவேண்டும். ஆடினாலும் அடம்பிடித்தாலும் நிறுத்தி அளந்து பாருங்கள். ஸ்பனரும் அங்குல அளவுதான் வேண்டும், அதிலும் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பைப் ஸ்பனர் இருந்தால் முனை மழுங்காது.

ஹோஸ் மூன்று: முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. வயது தெரியாவிட்டால் மூன்றையும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாக இருந்தும் உள்ளே வீங்கி ஒருவழிப் பாதை ஆகிவிடும். பூட்டும்போது ஹோஸ் முறுக்குப் படக்கூடாது. செப்பு வாசரைப் புதிதாகப் போடுங்கள். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க வெட்டி, ரயரிலோ சட்டத்திலோ ஹோஸ் உரசவில்லை என்று பாருங்கள்.

காற்று எடுத்தல்

தொடங்கும் முன் எல்லா அஜஸ்ரரையும் இறுக்கி ஷூவை டிறம்மில் முட்ட வையுங்கள். பிஸ்டன் ஓடும் தூரம் குறையும், காற்று சீக்கிரம் வரும்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்திலுள்ள சில்லில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, கடைசியாகச் சாரதிப் பக்க முன் சில்லு. பிளீடரில், அதாவது சில்லின் பின்பக்கத்தில் காற்றை வெளியேற்றும் திருகில், தெளிவான ரியூப் மாட்டி, மறுநுனியைப் பிறேக் ஒயில் உள்ள போத்தலுக்குள் முங்கும்படி விடுங்கள். உள்ளே ஒருவர் இருக்கட்டும். இருவருக்கும் மூன்று சொல் போதும்.

"அமத்து, தம்பி."

"அமத்திட்டன்."

பிளீடரை அரைச் சுற்றுத் திறக்க, குமிழி வரும். பெடல் அடிக்குப் போவதற்குள் மூடி, "விடு." இந்த ஒழுங்கு மாறக்கூடாது, மூடும் முன் விட்டால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். மாஸ்டர் சிலிண்டர் பழையது என்றால் பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வைத்து, முழு ஆழத்துக்குப் போகவிடாமல் தடுங்கள். வழமையாகக் கப் போகாத ஆழத்தில் துரு இருக்கும், கப்பை அது கிழித்துவிடும்.

சில மிதிக்கு ஒருமுறை ராங்கியைப் பாருங்கள். வற்றினால் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். வெளியே வந்த ஒயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் விடுங்கள், துடைக்கமட்டும் செய்தால் பெயின்ரும் துணியோடு வரும்.

அஜஸ்ட் செய்து ஓட்டிப் பார்த்தல்

அஜஸ்ரரை டிறம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, பெடலை ஒருமுறை பலமாக மிதித்து ஷூவை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி இறுக்கிப் பார்த்து, பிறகு ஒரு பல்லு தளர்த்துங்கள். சில்லு தாராளமாகச் சுற்றவேண்டும். முன் சில்லில் இரண்டு அஜஸ்ரரையும் செய்யவேண்டும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் பிறேக் பத்தாது என்று வருபவர்கள் உண்டு. ஹான்ட் பிறேக் கேபிள் இதற்குப் பிறகுதான்.

கார் நின்றபடியே பெடலைப் பலமாக ஒரு நிமிடம் பிடித்திருக்க, இன்னொருவர் ரோச்சோடு ஒவ்வொரு நட்டையும் பிளீடரையும் பார்க்கட்டும். பிறேக் லைட் சுவிச்சும் பைப்பிலேயே பூட்டியிருக்கும், அதன் அடியையும் தொட்டுப் பார்க்கவேண்டும். ஈரம் எங்கும் இல்லை என்றால் முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்துங்கள். பிறகு சனமில்லாத நேரத்தில் ஒரு நேரான தெருவில், சைக்கிள்காரர் யாரும் இல்லாதபோது, இருபது மைல் வேகத்தில் பிடித்துப் பாருங்கள். கையை ஸ்டியரிங்கில் லேசாக வைத்திருங்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அது சொல்லும். திரும்பி வந்ததும் நான்கு டிறம்முக்கும் கிட்டக் கையை, தொடாமல், பிடித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அது விடாமல் உரசுகிறது, மறுபடி தளர்த்துங்கள்.

புது லைனர் டிறம்மில் ஒட்டி உட்காரும்வரை, முதல் இருநூறு கிலோமீற்றருக்குப் பாரம் ஏற்றவோ ஏ9-இல் வேகமாகப் போகவோ வேண்டாம். ஐந்நூறு கிலோமீற்றர் ஆனதும் ஒருமுறை அஜஸ்ட் செய்யுங்கள். முதல் வாரம் தினமும் காலையில் தரைவிரிப்பைத் தூக்கி ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் மேலே ஊற்றிவிட்டு ஓடவேண்டாம், எங்கே போனது என்று தேடுங்கள். ஒயில் மாற்றிய திகதியை மூடிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இரண்டு ஆண்டில் மறுபடி மாற்றவேண்டும், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.